சென்சாரை மாற்றும் முன் வோல்டேஜைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வேலைக்கு ஓடுகிற பழைய மைவி, சாகா, வீரா கார்களில் ‘செக் என்ஜின்’ விளக்கு எரிந்தால், பல பட்டறைகளில் முதல் பேச்சே “ஓ-டூ சென்சார் போயிருச்சு, மாத்திடலாம்” என்பதுதான். ஓ-டூ என்றால் ஆக்ஸிஜன். பழைய கார்களிலிருந்து கழற்றிய பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டி, கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ரீடரை வைத்து, அதில் பதிவான கோளாறு எண்ணை (‘கோடு’, code) அழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கும். சில நாளில் விளக்கு மறுபடி எரியும். ஆக்ஸிஜன் சென்சார் பெரும்பாலும் சாட்சி மட்டுமே. சாட்சி சொல்வதைக் கேட்காமல் அவனையே தண்டிக்கும் இந்தப் பழக்கத்தால் நம் மக்களின் காசு வீணாகிறது.

எக்ஸோஸ் குழாயில் செருகியிருக்கும் இந்தச் சென்சார், புகையிலுள்ள ஆக்ஸிஜனை வெளிக்காற்றின் ஆக்ஸிஜனோடு ஒப்பிட்டு ஒரு சிறு வோல்டேஜைத் தருகிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எடைக் கணக்கில். அதுதான் சரியான கலவை. பெட்ரோல் கூடினால் 0.8, 0.9 வோல்ட், காற்று கூடினால் 0.1, 0.2 வோல்ட், நடுக்கோடு 0.45. சாதாரணச் சென்சார் கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லாது. அளவு தெரிய வேண்டுமானால் வைட்பேண்ட் சென்சார் வேண்டும்.

சோதனைக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகாத சென்சார் ஒழுங்காகப் பேசாது. நான்கு வயர் உள்ள சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்கள் ஹீட்டருடையவை. மற்ற இரண்டில் ஒன்று சிக்னல், ஒன்று நெகட்டிவ். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசியை வயரோடு ஒட்டிச் செருகி அளக்க வேண்டும். வயரின் தோலைக் குத்தாதீர்கள். 2,500 சுற்றில் பிடித்திருக்கும்போது, வோல்டேஜ் 0.45ஐத் தாண்டி மேலும் கீழுமாகப் பத்து விநாடிக்குள் ஏழெட்டு முறையாவது ஆட வேண்டும். பிறகு எக்ஸலரேட்டரைச் சட்டென்று அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது 0.8க்கு மேல் ஏறி, விட்டதும் பூஜ்யத்தை ஒட்டி இறங்கினால் சென்சார் நலமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் படுத்துக் கிடந்தாலோ, அசைந்து அசைந்து மெதுவாக நகர்ந்தாலோதான் அது கிழடு.

சிக்னல் வயரில் ஓம்ஸ் வைத்து அளக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் கரண்டே சென்சாரைக் கெடுக்கலாம். ஹீட்டர் வயர்களில் அளக்கலாம். ஆறிய நிலையில் பெரும்பாலும் 3 முதல் 20 ஓம்ஸுக்குள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்திருக்கிறது. ஹீட்டர் கோளாறைக் குறிக்கும் பி0135 கோடு வந்தால் முதலில் ஹீட்டரின் ஃபியூஸைப் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: சில புதிய வண்டிகளில் முன்பக்கம் இருப்பது ‘ஏர்-ஃபியூல்’ சென்சார். அதற்கும் நான்கு வயர்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. அதை ரீடரில்தான் பார்க்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மீட்டர் விடாமல் 0.1 காட்டுகிறது, கோடு பி0171, ‘லீன்’, அதாவது கலவையில் காற்று கூடுதல். சென்சாரை மாற்ற ஓடாதீர்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸோஸ் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால், புகை வெளியே வருவதோடு வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். அந்தக் காற்றைச் சென்சார் ‘லீன்’ என்று படிக்கும். ஒரு பிளக் எரியாமல் விட்டாலும் அப்படித்தான்: எரியாத பெட்ரோலைச் சென்சார் பார்ப்பதில்லை, எரியாமல் வந்த ஆக்ஸிஜனைத்தான் பார்க்கும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். வண்டி பெட்ரோலைக் குடிக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து கெடும். இத்தனைக்கும் காரணம் ஒரு கேஸ்கெட்டாகவோ ஒரு பிளக்காகவோ இருக்கலாம்.

ரீடரில் ‘லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம்’ என்ற எண் இருக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐட்லிங்கில் கூட்டல் 20, ஆனால் 2,500 சுற்றில் 3 அல்லது 4 என்று இறங்கினால், என்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்து வேக்கம் ஹோஸ் வெடித்திருக்கும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டியில் இது பளிச்சென்று தெரியும். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது, ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கும். மாறாக, மேடு ஏறும்போது மட்டும் ட்ரிம் ஏறினால் பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள்.

உண்மையாகவே சென்சாரைக் கொல்வது எது? ஒழுகலை அடைக்கப் பூசும் மலிவு விலை சிலிகான் பசை முதல் ஆள். டாப் கவர் ஒழுகுகிறதென்று அதை அள்ளிப் பூசினால், ஆவி என்ஜினுக்குள் போய் எரிந்து சென்சார் முனையில் வெள்ளையாகப் படியும். ‘சென்சார் சேஃப்’ என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும். ஹெட் கேஸ்கெட் வழியே கசியும் கூலண்டும், என்ஜின் எரிக்கும் ஆயிலும் அதே வேலையைச் செய்யும். புல்வெட்டும் மெஷினுக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து வைத்த பெட்ரோல் மிச்சமிருந்தால் காரில் ஊற்றாதீர்கள். முனை கறுப்பாகப் புகை படிந்திருந்தால் சென்சாரின் குற்றமல்ல, கலவையில் பெட்ரோல் கூடுதல்.

கார்புரேட்டர் வைத்த பழைய இஸ்வாரா, கன்சில் வைத்திருப்பவர்களும் இதைப் பயன்படுத்தலாம். எக்ஸோஸ் குழாயின் மேல்பக்கமாக 18 மி.மீ., 1.5 பிட்ச் நட்டை வெல்டிங் செய்து, ஹீட்டர் உள்ள சென்சாரை மாட்டி, ஹீட்டருக்கு 12 வோல்ட் கொடுத்துவிட்டால், சிக்னலை மல்டிமீட்டரில் படிக்கலாம். அடிப்பக்கம் வைக்காதீர்கள், குழாயில் தேங்கும் தண்ணீர் பட்டுச் செராமிக் வெடிக்கும். எக்ஸலரேட்டரை முழுக்க அழுத்தி மேடு ஏறும்போது 0.8க்கு மேல் நிற்க வேண்டும். அப்போது 0.2க்கு விழுந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் அடைத்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதா பின்னால் இருப்பதா என்று கோடைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பின்னால் இருப்பது ஆடாமல் 0.6, 0.7இல் நிற்பது இயல்பு; அதைக் கெட்டுவிட்டது என்று கழற்றுகிறவர்கள் உண்டு. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது 22 மி.மீ. சாவியால் கழற்றுங்கள். மரை இறுகாமலிருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் பசை மரையில் மட்டும், முனையில் படக்கூடாது. கனெக்டருக்குள் கிரீஸோ ஸ்ப்ரேயோ வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயர் வழியாகவே இழுக்கின்றன. எத்தனை மைல் ஓடியது என்றே தெரியாத ஹாஃப்கட் சென்சாரை எங்களால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

பட்டறை நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாற்றுவதற்கு முன் எத்தனை வோல்ட், ட்ரிம் எவ்வளவு, மாற்றிய பின் எவ்வளவு என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் அந்த நான்கு எண்களையும் பழைய சென்சாரையும் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.