கியூபெக்கில் ஒரு மழைநாள்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். கனடாவின் கியூபெக் நகரத்துக்குப் போனால் பாறை மேட்டிலுள்ள டஃபரின் மாடத்திலிருந்து ஆற்றைப் பார்த்துவிட்டு எழுது என்று சொல்லி அனுப்பினீர்கள். நான் போன அன்று விடியற்காலையிலேயே பிடித்துக்கொண்ட மழை மாலைவரை விடவில்லை. மாடத்தின் பலகைத் தரையில் நின்றபோது, செயின்ட் லாரன்ஸ் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை மூட்டந்தான் இருந்தது; 1893இல் திறக்கப்பட்ட ஷாதோ ஃப்ரோந்த்நாக் ஹோட்டலின் பச்சைச் செப்புக் கூரைகூட முதுகுக்குப் பின்னாலேயே மறைந்துபோயிருந்தது. இரண்டாவது காற்றுக்கே என் குடை மேல்நோக்கி விரிந்து கம்பி முறிந்தது.

ஆனாலும் அந்த மழைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வெயிலாக இருந்திருந்தால் மேட்டிலேயே சுற்றி, கோட்டைச் சுவரோடு நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். மழைதான் என்னைக் கீழே துரத்தியது. அந்த ஊர் தொடங்கியதும் கீழேதான்.

இறங்குவதற்கு முன் ஹோட்டலை ஒட்டிய தோட்டத்தில் ஒரு கல்தூணைப் பார்த்தேன். 1759 செப்டம்பர் 13ஆம் தேதி ஆபிரகாம் சமவெளியில் மோதிய ஆங்கிலேயத் தளபதி வுல்ஃப், பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம் ஆகிய இருவருக்கும் சேர்த்தே எழுப்பிய தூண் அது. வென்ற வுல்ஃப் களத்திலேயே இறந்தார், தோற்ற மோன்கால்ம் மறுநாள் காலையில் இறந்தார். வீரம் இருவருக்கும் ஒரே சாவையும், வரலாறு ஒரே புகழையும், பின்வந்தோர் ஒரே நினைவுச்சின்னத்தையும் தந்ததாக லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். பகைவர் இருவருக்கும் ஒரே கல் என்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பாறைச் சரிவில் இறங்கப் படிக்கட்டும் உண்டு, ஃபனிகுலரும் உண்டு. பழனியில் விஞ்ச் என்கிறோமே, அதே சங்கதிதான். 1879 முதல் ஓடுகிறது. படிக்கட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'கழுத்தொடி' என்ற பொருளில்தான் இருக்கிறது. ஈரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை; முட்டிவலியோடு நீங்களும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஃபனிகுலர் கொண்டுபோய் விடும் கீழ்நிலையமே 1683இல் கட்டப்பட்ட ஒரு வீடு. மிசிசிப்பி ஆற்றை ஆராயப் போன லூயி ஜோலியே வாழ்ந்த வீடு அது.

அங்கிருந்து சில எட்டில் பிளாஸ் ரோயால் என்ற சதுக்கம். 1608இல் பிரெஞ்சுக்காரரான சாம்ப்ளேன் முதல் குடியிருப்பை அமைத்தது இங்கேதான். அவர் கட்டிய கட்டடம் எங்கே நின்றது என்பதைத் தரையில் கறுப்புக் கற்களால் கோடிட்டுக் காட்டியிருக்கிறார்கள். மழையில் நனைந்த சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே அந்தக் கோடு எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. ஒரு சுற்று நடந்து பார்த்தேன். இவ்வளவு சின்ன இடத்திலிருந்தா ஒரு பேரரசை ஆள நினைத்தார்கள் என்றுதான் தோன்றியது.

சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் விக்துவார் மாதா கோவிலைக் கட்டத் தொடங்கியது 1687இல். உள்ளே கூரையிலிருந்து ஒரு மரக் கப்பல் தொங்குகிறது. கடல் கடந்து நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கான நேர்த்திக்கடன் என்கிறார்கள். வேளாங்கண்ணியில் வைக்கும் வெள்ளிப் படகுகள் நினைவுக்கு வந்தன. சட்டை காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 1759 முற்றுகையில் ஆற்றின் எதிர்க்கரையான லெவியிலிருந்து ஆங்கிலேயர் சுட்ட குண்டுகளில் இந்தக் கோவிலும் சுற்றியிருந்த வீடுகளும் நாசமாயின. இன்று நாம் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு எழுப்பியவையும் சீர்செய்தவையுமே.

நாற்பது வருடம் பாண்டிச்சேரியில் வரலாறு நடத்திய உங்களுக்கு அடுத்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த அதே ஏழாண்டுப் போரில்தான் 1761 ஜனவரியில் நம் ஊரும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கை பாண்டிச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது, கியூபெக்கைத் தரவில்லை. ஆனால் கொடி போன ஊரில்தான் மொழி நிலைத்திருக்கிறது. 1774இல் ஆங்கிலேயரே ஒரு சட்டம் போட்டு, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தையும் கத்தோலிக்க வழிபாட்டையும் கியூபெக் மக்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். ரொட்டிக் கடைப் பெண் என் அரைகுறைப் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, ஆங்கிலத்துக்குத் தாவாமல், நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மழை சற்றுத் தணிந்ததும் லெவிக்குப் போகும் படகில் ஏறினேன். இந்த இடத்தில் ஆறு சட்டென்று குறுகுகிறது. 'கியூபெக்' என்ற சொல்லுக்கே அங்குள்ள பழங்குடி மொழியில் ஆறு குறுகும் இடம் என்றுதான் பொருள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது கீழ்நகரத்தின் கூரைகள் தெளிவாகத் தெரிந்தன. நீங்கள் பார்க்கச் சொன்ன மாடம் மட்டும் மேகத்துக்குள்ளேயே இருந்தது.

வரும் மே மாதம் நீங்கள் வரும்போது அதைச் சேர்ந்தே பார்ப்போம். குடை எடுத்து வராதீர்கள், அந்தக் காற்றுக்கு நிற்காது. தொப்பி வைத்த மழைச்சட்டை போதும். சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்