புட்டிக்குள் வந்த கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புட்டிக்குள் கடிதம் வைத்துக் கடலில் விடுவது காதலர்களின் விளையாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அதில் இன்னொரு அழகு தெரிகிறது.

1886 ஜூன் 12 அன்று, இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்த 'பவுலா' என்ற ஜெர்மன் பாய்மரக் கப்பலிலிருந்து ஒரு ஜின் மதுப் புட்டியைக் கடலில் வீசினார்கள். நீரோட்டங்களை அறிய ஹாம்பர்க் கடல் ஆய்வு நிலையம் நடத்திய சோதனை அது. கண்டெடுப்பவர் இடமும் தேதியும் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உள்ளே இருந்த படிவம் கேட்டது. யார் கையில் கிடைக்கும் என்றே தெரியாமல், பதிலுக்கு இடம் விட்டு அனுப்பியிருக்கிறார்களே, அந்த நம்பிக்கை என்னை உருக்குகிறது!

2018இல் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை மணலில் அது கிடைத்தது. கப்பல் தலைவரின் குறிப்பேட்டிலும் புட்டியை வீசிய அதே தேதி இருந்ததாம்.

சரி, இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் நம் கடலில் பிளாஸ்டிக் பாட்டிலை எறிய வேண்டாம். ஆசை இருந்தால், வெகுநாளாகப் பேசாத ஒருவருக்கு அஞ்சலட்டை எழுதட்டும்.

– ஓய்வுபெற்ற தபால்காரர், நாகப்பட்டினம்