பேதையின் பேச்சுக்குப் பாரதியின் பெயரா?

வியாசர்பாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் கேரம் மன்றம் நடத்தும் தம்பிகளுக்கு,

வணக்கம். மன்ற வாசல் கரும்பலகையில் தினம் ஒரு பொன்மொழி எழுதுகிறீர்கள். காலையில் பால் வாங்க வரும்போது நின்று படிப்பேன். போன வாரம் ஒரு பலகையில் “மெல்லத் தமிழினிச் சாகும் – பாரதியார்” என்று பார்த்ததும் பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வரி பாரதியின் பாட்டில் இருப்பதுதான். பாட்டின் பெயர் ‘தமிழ்த்தாய்’. அதில் பேசுபவள் தமிழ்த்தாய். ‘கூறத் தகாதவன்’ ஒருவன் கொல்வதுபோல ஒரு வார்த்தை சொல்லிவிட்டான் என்று பிள்ளைகளிடம் முறையிடுகிறாள். அந்த வார்த்தைதான் இது. சொல்லி முடித்த கையோடு “என்றந்தப் பேதை உரைத்தான்” என்கிறாள். இந்த வசை எனக்கு வரலாமா என்று கேட்டு, எட்டுத் திக்கும் போய்க் கலைச்செல்வங்களைக் கொண்டுவரச் சொல்கிறாள். பாரதி யாரைப் பேதை என்றாரோ அவன் பேச்சுக்குக் கீழே பாரதியின் பெயரையே போட்டுவிட்டோம். உங்களை மட்டும் சொல்லவில்லை, மேடைப் பேச்சாளர்களே இதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று நம் பக்கத்து ஆளுடையது. ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் பாடிய “வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்”. செடி நடும் விழா என்றால் இந்த வரி வந்துவிடும். அதே பாட்டில் அடுத்து வருபவர்கள் வீடு வீடாக இரந்தும் பசி தீராதவர்கள், நீண்ட நோயில் கிடப்பவர்கள், மானத்தோடு வாழும் ஏழைகள். பயிரோடு நிறுத்திக்கொண்டால் அவர்கள் எல்லோரும் பலகைக்கு வெளியே நிற்கிறார்கள்.

அப்புறம், ‘உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் எழுதியதல்ல. அவர் இறந்தது 1778இல். அவருடைய மனநிலையை விளக்க ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் 1906இல் தன் நூலில் எழுதிய வாக்கியம் அது.

ஒரே வேண்டுகோள். பெயருக்குக் கீழே நூல், பாட்டு, யார் யாரிடம் சொன்னது என்று ஒரு வரி சேருங்கள். பழைய நூல்கள் பல மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, செல்போன் போதும். தேடியும் அகப்படவில்லையா, சரி, பெயர் போடாமல் எழுதுங்கள்.

என்னிடம் அட்டை கிழிந்த பாரதியார் கவிதைகள் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் கொண்டுவருகிறேன். அதுவரை அந்தப் பலகையை அழிக்க வேண்டாம். அடுத்த வரியைச் சேர்க்க அடியில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
பால் வாங்க வரும் அண்ணன்