பெட்டிச் செய்தியில் தலைகீழான முக்குளிப்பு விதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த அந்தமான் பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஹேவ்லாக் தீவின் கடற்கரைகளையும் பவளத் திட்டுகளையும் எழுதியிருந்த விதம் நன்றாக இருந்தது. ஆனால் கட்டுரையின் நடுவே பெட்டிச் செய்தியாகத் தரப்பட்டிருந்த எச்சரிக்கை, விமானத்தில் வந்து இறங்கியவர்கள் 24 மணி நேரம் கழிவதற்கு முன் ஸ்கூபா முக்குளிப்பில் ஈடுபடக் கூடாது என்கிறது. அதே பக்கத்தில் உள்ள பயணத் திட்டமோ, முதல் நாள் முழுவதும் அறையில் ஓய்வெடுத்துவிட்டு, கடைசி நாள் அதிகாலையில் கடலில் இறங்கி, அப்படியே படகேறிப் போர்ட் பிளேர் வந்து, பிற்பகல் விமானத்தில் சென்னை திரும்பும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. காத்திருக்கச் சொல்லும் விதி உண்மையில் உள்ளதுதான். அது பயணத்தின் தவறான முனையில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. முக்குளித்து முடித்த பின், விமானம் ஏறுவதற்கு முன்புதான் காத்திருக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே உடலின் மீதுள்ள அழுத்தம் இருமடங்காகிவிடும். முதுகில் சுமக்கும் உருளையிலிருந்து வரும் காற்றையும் அந்த அழுத்தத்திலேயே சுவாசிப்பதால், காற்றில் முக்கால் பங்குக்கு மேலாக உள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சின் வழியாகவே, மணிக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியேற வேண்டும். பயணிகள் விமானத்தின் உட்புறம் பறக்கும்போது 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பான அழுத்தத்தில்தான் வைக்கப்படுகிறது. 8,000 அடி என்றால் தரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. கரைந்த நைட்ரஜன் வெளியேறி முடியும் முன் அந்தச் சூழலுக்குப் போனால் எஞ்சியிருப்பது உடலுக்குள்ளேயே குமிழிகளாகிவிடலாம். தோள், முழங்கை மூட்டுகளில் வலி, தோலில் ஊறல், கைகால் மரத்துப்போதல், சில வேளைகளில் நடக்கவே தள்ளாடுதல் என்று வெளிப்படும் அழுத்தநீக்க நோய் இதுதான். அப்படி நேர்ந்தால் ஆக்சிஜன் கொடுத்து, உயர் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவானில் அந்த அறைக்கு வழியில்லை.

மாறாக, விமானத்தில் வந்து இறங்கியவரின் உடலில் நைட்ரஜன் வழக்கமான அளவிலோ, அதைவிடச் சற்றுக் குறைவாகவோதான் இருக்கும். அவர் இந்த நோய்க்கு அஞ்சி ஒரு நாள் முழுவதும் காத்திருக்கத் தேவையில்லை.

முக்குளிப்போர் பாதுகாப்புக்காகச் செயல்படும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு 2002இல் நடந்த நிபுணர் கூட்டத்தை ஒட்டி வெளியிட்ட பரிந்துரைப்படி, சாதாரண ஆழத்தில் ஒரே ஒருமுறை இறங்கியவர் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பலமுறையோ தொடர்ந்து பல நாட்களோ இறங்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். மேலேறும் வழியில் கட்டாயம் நிறுத்தி நிறுத்தி வர வேண்டிய ஆழமான முக்குளிப்பானால் இன்னும் அதிகம். பயிற்சியாளர்கள் பலரும் பொதுவாக 24 மணி நேரம் என்று சொல்லிவிடுகிறார்கள், அதில் குற்றமில்லை. அந்த எண்தான் தங்கள் பெட்டிச் செய்திக்குள் இடம் மாறி நுழைந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வந்திறங்கிய அன்றே கடலில் குதிக்கலாமா என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவன் என்ற முறையில் எனக்குத் தயக்கம் உண்டு. அதற்குக் காரணம் காது. விமானம் இறங்கும்போது அரைமணி நேரத்தில் நடுச்செவி சமாளிக்கும் மொத்த அழுத்த மாற்றமும் கடலில் சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குச் சமம். முதன்முறை இறங்குபவர்களைக்கூட 12 மீட்டர் வரை அழைத்துப்போவது உண்டு, அதில் முதல் இரண்டரை மீட்டர் அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஆகவே தரையிறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியும் விலகாமல் இருப்பவருக்கு அன்றைய கடல் ஏற்றதன்று. செவிப்பறை கிழியவும் கூடும். மூக்கடைப்புக்கு மருந்து விட்டுக்கொண்டு இறங்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீருக்கடியில் இருக்கும்போதே அதன் வீரியம் குறைந்தால் மேலே வரும் வேளையில் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. தூத்துக்குடியில் என்னிடம் காது காட்ட வரும் சங்கு குளிப்பவர்கள், சளி பிடித்தால் தொழிலுக்கே போவதில்லை என்பார்கள். சென்னையில் விடியற்காலை விமானத்தைப் பிடிக்க இரவெல்லாம் விழித்திருந்து, விமானத்தின் வறண்ட காற்றில் தண்ணீரும் குடிக்காமல் வந்தவர் அன்று மாலை வரையாவது இளைப்பாறுவதே நல்லது. ஆனால் இந்த ஓய்வு உடல் தெளிவதற்கு மட்டுமே. இதை நைட்ரஜன் கணக்கோடு சேர்க்கக் கூடாது.

இன்னொன்று, விமானமே ஏறாதவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். புதுச்சேரியில் காலையில் முக்குளித்துவிட்டு அன்றே காரில் உதகைக்குக் கிளம்புபவர், 2,240 மீட்டர் உயரத்தில், அதாவது விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு நிகரான இடத்தில்தான் போய்ச் சேருகிறார்.

கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு பயணத்துக்குக் கிளம்பும் வாசகர்கள் உங்கள் இதழுக்கு உண்டு. எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆகவே வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவிலான பெட்டியில் திருத்தம் வெளியிடுமாறும், பயணத் திட்டத்தில் முக்குளிப்பை இரண்டாம் அல்லது மூன்றாம் நாளுக்கு நகர்த்தி, கடைசி நாளைக் கடற்கரைக்கும் செல்லுலார் சிறைக்கும் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர்,
தூத்துக்குடி