காசைப் பித்தளையில் போடு

கே.புதூர், மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. சுட்ட தோட்டாக் கூட்டைத் திருத்தி மறுபடி நிரப்பப் போகிறேன் என்று நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கூட்டை அளவு திருத்துகிற அச்சான டையின் விலைப்பட்டியலையும் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை மாப்பிள்ளை "சரிங்க மாமா" என்று முடித்துவிடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துப்பாக்கி சுடுவது எனக்குத் தெரியாது. அது உனக்குக் காலேஜில் என்.சி.சி.யில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆனால் தொழிற்பேட்டையில் டை வெட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தேன், டையும் பித்தளையும் என்றால் நான் பேசலாம். வெடிமருந்து எத்தனை கிரெய்ன் எடை போடுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதே, மாப்பிள்ளையிடமும் கேட்காதே. மருந்துக் கம்பெனி அச்சடித்த அட்டவணை இருக்கிறது. அதில் குறைந்த அளவில் ஆரம்பி.

நீ கேட்டது, எந்த டை நல்லது என்று. டைக்குக் கம்மியாகச் செலவழி, பித்தளைக்கு, அதாவது கூட்டுக்கு, தாராளமாகச் செலவழி. டை வெட்டிப் பிழைக்கிறவனே இப்படிச் சொல்கிறானே என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது.

தோட்டாக் கூடும் நம் பட்டறைச் சொம்பும் ஒரே வழியில்தான் பிறக்கின்றன. வட்டத் தகட்டைப் பஞ்ச் வைத்து அழுத்திக் கிண்ணமாக்குவது, அதை இன்னும் ஒடுக்கமான டைக்குள் இழுப்பது, மறுபடி இழுப்பது. கூட்டுக்குப் போடுவது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. பித்தளை வகைகளில் இழுவைக்கு நன்றாக வளைந்து கொடுப்பது அது. ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் இறுகும். இறுகியதை உலையில் காய்ச்சி இளக்காமல் அடுத்த டைக்குள் தள்ளினால் கிழிந்துவிடும், நீயே சின்ன வயதில் பட்டறையில் பார்த்திருக்கிறாய். நீ வீட்டு பிரஸ்ஸில் செய்வதும் அதே வேலைதான், அளவுதான் சின்னது. சுடும்போது கூடு, துப்பாக்கிக்குள் அது உட்காரும் சேம்பரின் சுவர் வரை ஊதுகிறது, டை அதைத் திரும்ப நசுக்குகிறது, அடுத்த முறை மறுபடி ஊதுகிறது. இந்த ஊதலும் நசுக்கலும் எவ்வளவு கம்மியோ, அவ்வளவு காலம் கூடு உழைக்கும். அதற்கு நல்ல கூடும், உன் ரைஃபிளுக்கு ஏற்றபடி டையைத் திருகி அளவு வைக்கிற பொறுமையும் போதும். விலை கூடிய டை அதைச் செய்யாது.

கூட்டை எடுத்துக்கொள்வோம். ரேஞ்சில் மூட்டையாக மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினாயே, அதில் நாலைந்து முத்திரை கலந்து கிடக்கிறது. எல்.சி. என்று அடித்தது ராணுவச் சரக்கு, 7.62 நேட்டோ. உன் ரைஃபிளின் .308 வின்செஸ்டரும் அதுவும் வெளி அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ராணுவக் கூட்டின் சுவர் பொதுவாகத் தடிமன், உள்ளே இடம் கம்மி. அதே அளவு மருந்தைப் போட்டால் அழுத்தம் கூடும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்டது என்றால் ஏற்கெனவே நன்றாக நீண்டிருக்கும். அடியில் மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரைச் சுற்றி விளிம்பை மடித்து அடித்திருப்பார்கள், அதைச் சீவி எடுக்காமல் புதுப் பிரைமர் உட்காராது. மூட்டைக்கு ஒரு காந்தத்தையும் காட்டிப் பார், பித்தளை நிறத்தில் இரும்புக் கூடும் கலந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரே ஓட்டை இருக்க வேண்டும். இரண்டு சின்ன ஓட்டை தெரிந்தால் அது பெர்டன் என்ற வேறு வகைக் கூடு, பழைய பிரைமரைத் தள்ளுகிற உன் டையின் ஊசிதான் ஒடியும். மொத்தத்தில் அந்த மூட்டையைப் பழைய பித்தளைக்காரனிடம் எடைக்குப் போடு.

புதிதாக ஒரே கம்பெனி, ஒரே லாட், நூறு கூடு வாங்கு. ஃபின்லாந்து லபுவா விலை கூடுதல்தான், ஆனால் சுவர் கனம் சீராக இருக்கும். கட்டுப்படியாகாவிட்டால் மிசௌரியில் செய்கிற ஸ்டார்லைன் போதும். பெரிய பிரைமரா சின்னப் பிரைமரா என்று பார்த்து வாங்கு, .308இல் லபுவா இரண்டும் விற்கிறது. குண்டைப் பிடிக்கிற கழுத்தில் நீலமும் பழுப்புமாகச் சாயம் தெரிந்தால் பழைய சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடாதே. கடைசியாகக் கழுத்தை இளக்கிய தடம் அது, பாலிஷ் போடாமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும்.

பாலிஷ் என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே ராணுவத் தோட்டாக் கூடுகள் சுடாமலேயே வெடிப்பு விட்டன, அதுவும் மழைக்காலத்தில். லாயத்தில் வைத்திருந்த பெட்டிகள் அவை. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும் ஈரக்காற்றும், இழுவையில் இறுகிய பித்தளைக்குள் தங்கியிருந்த விசையும் சேர்ந்து விரிசல் போட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் 1921இல் இதை விளக்கினார்கள். பித்தளை வேலைக்காரன் எவனும் மறக்கக் கூடாத சங்கதி. அதனால் அமோனியா கலந்த மெட்டல் பாலிஷ், கண்ணாடி துடைக்கிற தண்ணீர் எதையும் கூட்டின் பக்கம் கொண்டுபோகாதே. அம்மா குத்துவிளக்குக்குப் போடுகிற புளி பரவாயில்லை, நீங்கள் சிட்ரிக் அமிலம் என்று வாங்குவதும் அதே வகைதான். லேசாகக் கரைத்து, சில நிமிடத்தில் எடுத்து, நிறையத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிடு. ஊறவிட்டு மறந்தால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் காட்டும்.

இனி டை. சாதாரண இரண்டு டை செட் வாங்கு: முழு நீளத்துக்கும் அளவு திருத்துகிற ஒன்று, குண்டு பதிக்கிற ஒன்று. ஆர்.சி.பி.எஸ்., ரெட்டிங், லீ எதுவானாலும் மரை ஒன்றுதான், 7/8 இன்ச்சுக்கு 14 மரை, உன் பிரஸ்ஸில் ஏறும். கூட்டின் அடியை இன்னும் ஒடுக்குகிற ஸ்மால் பேஸ் டை வேண்டாம். தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்குத்தான் அது, உன் போல்ட் ரைஃபிளுக்குக் கூட்டை வீணாக நசுக்கும். எண்ணெய் தடவ வேண்டாமே என்று கார்பைடு டைக்கும் ஆசைப்படாதே. கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூட்டுக்கு அதிலும் எண்ணெய் தடவியே ஆக வேண்டும். கழுத்தை மட்டும் திருத்துகிற டை கூட்டுக்கு இதமாக இருக்கும், ஆனால் சில முறை சுட்டபின் போல்ட் மூட இறுகும், அப்போது முழு டைக்கே வருவாய். கழுத்தளவுக்குப் புஷ் என்ற உள்வளையத்தை மாற்றுகிற டையைப் பிறகு பார்க்கலாம்.

முக்கியமான விஷயம் டையை எவ்வளவு இறக்குவது என்பது. பெட்டிக்குள் வரும் காகிதத்தில், கூட்டின் அடியைப் பிடிக்கிற ஷெல் ஹோல்டரை டை தொட்டபின் இன்னும் கொஞ்சம் திருகு என்று போட்டிருக்கும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தட்டும் என்று சொல்வது அது. அப்படியே செய்தால் கழுத்துக்குக் கீழே சரிகிற தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போகும். சுடும்போது கூடு அந்த இடைவெளிக்கு நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலியும். வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் அடுத்து இரண்டாகப் பிரியும் என்று அர்த்தம். ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக மடக்கி உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பார், பள்ளம் இருந்தால் விரலில் தட்டும். தட்டினால் யோசிக்காமல் நசுக்கிப் போட்டுவிடு. சுட்ட கூட்டின் தோளைக் கேலிப்பரில் தோளில் உட்காருகிற கம்பேரேட்டர் மாட்டி அள. டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அந்த அளவிலிருந்து 0.002 இன்ச், நம் பட்டறைப் பேச்சில் ரெண்டு தவ், பின்னுக்குப் போனதும் நட்டைப் பூட்டு. மாப்பிள்ளை இன்னும் ஒரு சுற்று என்பார், கையை எடுக்கச் சொல்.

டைக்குள் விடுமுன் கூட்டில் எண்ணெய் மெல்லிசாகத் தடவு. அதிகமானால் தோளில் குழி விழும், இல்லாவிட்டால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். கழுத்துக்குள்ளும் கொஞ்சம் தொட்டுவிடு. கூட்டின் நீளம் 2.015 இன்ச்சைத் தாண்டவிடாதே, 2.005க்கு வெட்டு. சில முறை சுட்டபின் கழுத்தை இளக்கலாம். கழுத்தும் தோளும் மட்டும்தான், அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கெட்டியான அடிதான்.

கூடு ஒன்றைப் பையில் போட்டு எனக்குக் காட்ட எடுத்து வராதே தாயி. இங்கே 1959ஆம் வருட ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் தோட்டா செய்யவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. காலிக் கூடானாலும் ஏர்போர்ட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். சித்திரைக்கு வரும்போது ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை அங்கேயே விட்டுவிட்டு வேறு பையில் துணியைக் கட்டு. சுட்ட கூடு ஐந்தின் தோள் அளவையும், திருத்தியபின் அதே ஐந்தின் அளவையும் எழுதி அனுப்பு, போதும். பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு அள.

அன்புடன்,
அப்பா