தர ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு, லேபர் ரூமிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். திருவாரூர் பக்கம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் நான். அதற்கு முன்பு கிராமத்து பி.எச்.சி.யில் இருந்தேன். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் 2017 டிசம்பரில் வந்தது. அன்றிலிருந்து ஆய்வு என்றாலே எங்களுக்கு ஃபைல் அடுக்கும் வேலைதான்.

நர்ஸுகளுக்குத் தர விதிகள் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் (ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி) என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சொல்லித் தராமல் விட்டது காரணங்களைத்தான்.

பார்ட்டோகிராஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். வலி எப்படி முன்னேறுகிறது என்று அவ்வப்போது குறிக்க வேண்டிய தாள் அது. பல இடங்களில் டெலிவரி முடிந்து, குழந்தையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்த பிறகுதான் அதைத் தேடி எடுக்கிறார்கள். கோடு அழகாக ஏறும், நீங்களும் மார்க் போடுவீர்கள். அந்தத் தாளில் எச்சரிக்கைக் கோடு, அதற்கு நான்கு மணி நேரம் தள்ளிச் செயல் கோடு என்று இரண்டு இருக்கின்றனவே, ஏன் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பிறகு நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் 1972-இல், அன்றைய ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) சிறு மருத்துவ நிலையங்களை மனதில் வைத்து வரைந்தவை அவை. முதல் கோட்டைத் தாண்டினாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய். இரண்டாவது கோட்டைத் தொடுவதற்குள் போய்ச் சேர நேரம் வேண்டுமே, அதற்குத்தான் அந்த இடைவெளி.

இதைப் படித்தபோது எனக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்தான் ஞாபகம் வந்தது. கேட் மூடினால் 108 வண்டியும் நின்றுதானே ஆக வேண்டும்? இதை ஒரு முறை விளக்கிச் சொல்லுங்கள், அப்புறம் எந்த நர்ஸும் அந்தத் தாளைக் கடைசியில் நிரப்ப மாட்டாள். இப்போது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த புதிய தாளில் அந்தக் கோடுகளே இல்லை, தீவிர வலி என்பது கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் விரிந்ததிலிருந்து என்கிறார்கள். சரி, மாறட்டும். புதுத் தாளோடு காரணத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. "மரியாதையான பிரசவப் பராமரிப்பு" என்ற போஸ்டர் எங்கள் சுவரில் இருக்கிறது. அதற்குக் கீழேயே "கத்தாதே, மூச்சைப் பிடித்து முக்கு" என்ற அதட்டலும் கேட்கிறது. அதட்டுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதட்டினால்தான் முக்குவாள், இல்லாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று உண்மையிலேயே நம்புகிறார்கள், சீனியர்கள் அப்படித்தான் பழக்கினார்கள். தாய் தனக்கு உந்துதல் வரும்போது தன் போக்கில் முக்கினால் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலே சொல்கிறது. போஸ்டர் ஒட்டுவதைவிட இதைச் சொல்லிக் கொடுப்பது முக்கியம். உடன் இருப்பவர் விஷயமும் அப்படித்தான். யார் வேண்டும் என்று வலியில் இருப்பவளைக் கேட்க வேண்டும். நாங்கள் வாசலில் முதலில் நிற்பவரை உள்ளே விடுகிறோம், பெரும்பாலும் அது மாமியார். (சில மாமியார்கள் எங்களைவிட அதிகமாக அதட்டுவார்கள்.)

கேட்பது இவ்வளவுதான். மதிப்பெண்ணில் 70 வந்தால் சான்று, 90 தாண்டினால் பிளாட்டினம் என்ற கணக்கு உங்களோடு இருக்கட்டும். எங்களிடம் "ஆவணம் எங்கே" என்பதற்கு முன் "ஏன் இதைச் செய்கிறீர்கள்" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் குறிப்பு எழுதாமல் அங்கேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். வரும் தேதியை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். நைட் டூட்டியில், பத்து மணிக்கு மேல் வாருங்கள். மூன்று பேர் வலியில் இருக்கும்போது கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் கட்டங்கள் காலியாக இருந்தால், எங்களிடம் விளக்கம் கேட்பதற்கு முன்னால் சுவரில் தொங்கும் டூட்டி சார்ட்டில் அன்றைக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்