“பிடிக்கும் சார்” என்பதற்கு மேல் சொல்லத் தெரியாதவளின் நன்றி மடல்

என் படிப்புக்குத் துணை நின்ற ஆசிரியர்களுக்கும் நூலகருக்கும் உறவினருக்கும் ஊராருக்கும் வணக்கம்.

அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை ஆங்கில இலக்கியத்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கலந்தாய்வு நாளில் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர், தலை நிமிராமலே, “ஏம்மா, ஆங்கில இலக்கியம் எதற்கு?” என்று கேட்டார். “பிடிக்கும் சார்” என்பதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவருக்கு அது போதுமாயிருந்தது. கையெழுத்திட்டு அடுத்த மேசைக்கு அனுப்பிவிட்டார். எனக்குத்தான் போதவில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலில் உங்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு இருப்பதால், பதிலையும் நன்றியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த ஆசிரியைக்கு முதல் நன்றி. அதுவரை ஆங்கிலம் என்பது எனக்கு மனப்பாடம் செய்து கொட்டிவிட்டு வரும் பாடம்தான். கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டால் எழுதிய கட்டுரை எதைப் பற்றியது என்றே தெரியாது. ஒரு நாள் காலை வணக்கம் முடிந்து வகுப்புக்குள் வந்தவர், “இப்போது பாடிவிட்டு வந்தீர்களே, அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?” என்று கேட்டார். ‘நீராருங் கடலுடுத்த’ என்று பத்தாண்டுகளுக்கு மேலாகத் தினமும் பாடிய எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தின் வாழ்த்துப் பாடல் அது என்றும், அதை எழுதிய சுந்தரம் பிள்ளை நாடகத்துக்கான கதையை லிட்டன் பிரபு என்ற ஆங்கிலேயரின் ‘இரகசிய வழி’ என்ற கதைப்பாடலிலிருந்து எடுத்துக்கொண்டார் என்றும் அவர் சொன்னார். எங்கள் திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர்ப் பலகையில் தினமும் பேருந்திலிருந்து பார்க்கும் மனோன்மணியமும் சுந்தரனாரும் யார் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஓர் ஆங்கிலக் கவிதையை ஒருவர் ஊன்றிப் படித்ததில் தமிழில் ஒரு நாடகம் உண்டாகியிருக்கிறது என்பது, மதிப்பெண்ணுக்காக ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த எனக்கு முற்றிலும் புதிய செய்தி.

அடுத்த நன்றி கிளை நூலகருக்கு. ஆங்கிலப் புத்தகங்கள் இருந்த அலமாரியின் சாவியைத் தேடி எடுப்பதற்கே அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று என்பதை அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். அதிலிருந்து முதுகில் பழுப்புத்தாள் ஒட்டிய, ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தைத் துடைத்துக் கொடுத்தார். தவணை கடந்து பதினொரு நாள் கழித்துத் திருப்பியபோதும் தாமதக் கட்டணத்தைத் தம் கையிலிருந்தே போட்டுக்கொண்டார். சுதந்திர இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இல்லாத காலத்தில், 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியையும் கட்டிவரும் ஊராருக்கு, அந்தப் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்று என்றாவது சந்தேகம் வந்தால், நான் படித்த அந்தப் புத்தகத்தைக் காட்டலாம்.

அம்மாவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அம்மா பீடி சுற்றுகிறவர். நனைத்து வைத்த இலையை வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடியும் வரை எழுந்திருக்க மாட்டார். அவர் அருகில் அமர்ந்து, புரிந்தவரை ஒவ்வொரு காட்சியாக லியரின் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நாட்டை மூன்று மகள்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்போகும் கிழ அரசன், யார் என்னை அதிகம் நேசிக்கிறீர்கள் என்று கேட்கிறான். மூத்தவர்கள் இருவரும் அளந்து கொட்டுகிறார்கள். இளையவளோ, சொல்வதற்கு “ஒன்றுமில்லை” என்கிறாள். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றும் வராது என்று அரசன் சீறுகிறான். நான் இதைச் சொன்னதும் அம்மாவின் கையிலிருந்த நூல் நின்றது. “ஒண்ணுமில்லன்னு ஒரு பொட்டப்புள்ள சொன்னா, உள்ள என்னமோ இருக்குன்னு அர்த்தம். அது தெரியாத மனுசன் என்ன தகப்பன்?” என்றார்.

புத்தகத்தின் பின்னால் இருந்த குறிப்புகளில் அந்தச் சொல்லைப் பற்றி நிறைய எழுதியிருந்தார்கள். அம்மா சொன்னது அவற்றில் இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் அரசவையில் கதவைச் சாத்துவதுபோல் ஒலிக்கிறது. நம் வீடுகளில் ‘ஒண்ணுமில்ல’ என்பதோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லும் சொல். ஒரே சொல் மொழி மாறும்போது எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டு கிடந்தேன். பேராசிரியர் ஐயா, உங்கள் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அந்த யோசனையை முறையாகத் தொடரவே இந்தப் படிப்பைக் கேட்டு வந்தேன்.

கதை முடிவில் இளையவள் இறந்துபோகிறாள் என்று சொன்னபோது அம்மா என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, ஏதோ நானே கொன்றுவிட்டதுபோல. பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்த முடிவு இங்கிலாந்துக்காரர்களுக்கும் பொறுக்கவில்லை. நாஹும் டேட் என்பவர் 1681இல் அவளைப் பிழைக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்து நாடகத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அங்கே மேடையேறியது அந்தத் திருத்தம்தான். இதைச் சொன்னதும் அம்மா, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். எனக்கு என்னவோ ஷேக்ஸ்பியர் எழுதிய முடிவே சரியென்று படுகிறது. ஏன் சரி என்று அம்மாவுக்கு விளக்கும் அளவுக்கு இன்னும் தெரியவில்லை.

தாய்மாமாவுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். “இங்கிலீஷ் பேசத்தானே, மூன்று மாத வகுப்புப் போதுமே, அதற்கு மூன்று வருடமா?” என்று அவர் கேட்டது ஒரு முறை இரண்டு முறை அல்ல. பேசுவதற்கல்ல, படிப்பதற்கு என்று நான் சொன்னதை அவர் ஏற்கவேயில்லை. ஆனாலும் கலந்தாய்வு அன்று விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றவர் அவர்தான்.

எதிர்வீட்டு அக்கா இல்லாவிட்டால் அந்தக் கலந்தாய்வே எனக்கு இல்லை. விண்ணப்பம் போடச் சென்ற பிரவுசிங் சென்டரில், நான் கேட்டதை விட்டுவிட்டு வணிகவியலை முதல் விருப்பமாகப் பதிந்திருந்தார்கள். கேட்டால், வேலை கிடைக்கும் படிப்பு அதுதான் என்று எனக்கே புத்தி சொன்னார்கள். அக்காதான் தம் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு, கல்லூரியின் உதவி மையத்துக்கு என்னை அழைத்துச் சென்று திருத்திக் கொடுத்தார். ஆங்கிலத்துக்கான தரவரிசையை மொத்த மதிப்பெண்ணை வைத்தல்ல, ஆங்கிலப் பாட மதிப்பெண்ணை வைத்தே போடுவார்கள் என்று தைரியம் சொன்னவரும் அவரே.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். புத்தகச் செலவுக்கு அது ஆகும். சனிக்கிழமை மதியங்களில் வழக்கம்போல் கிளை நூலகத்தில் இருப்பேன். அம்மா அடுத்த கதையைக் கேட்டுவிட்டார், யாரும் சாகாத கதையாக இருக்க வேண்டுமாம். ஆசிரியை அவர்களே, எதை எடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

நன்றியுடன்,
முதலாம் ஆண்டு மாணவி,
இளங்கலை ஆங்கில இலக்கியம்